நாற்பத்தோராம் பக்கம்

பென்னிங்கோட் என்ற ஊர் தன் தொள்ளாயிரமாவது ஆண்டைக் கொண்டாடி முடித்து, ஊர் வரலாற்றுப் புத்தகத்தை வெளியிட்டு, மண்டபத்தில் கட்டிய தோரணங்களைக் கழற்றிப் பெட்டியில் மடித்து வைத்த மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, பால் லாரி போன பிறகும் தபால் வேன் வருவதற்கு முன்னுமாக, தேவாலயப் பக்கமிருந்து ஒற்றைக் குதிரை பூட்டிய மரவண்டி ஒன்று வந்தது. முன்னால் ஒரு கிழவன் உட்கார்ந்து ஓட்ட, வண்டியில் வைக்கோலின் மேல் ஒரு நிறைமாதப் பெண் சாய்ந்து கிடந்தாள். ஊர் முழுக்க மே மாத வெயில் அடித்துக்கொண்டிருக்க, அவள் போர்த்தியிருந்த கம்பளியின் மேல் உறைபனி படிந்திருந்தது, ஏனென்றால் அந்த வண்டிக்குள் மட்டும் பெப்ரவரி மாதமாக இருந்தது. வண்டி ஊரைக் கடந்து, ஆல்டர்ஹாமுக்குப் போகும் குறுக்குச் சாலையில் இறங்கி, எல்லைக் கல்லைத் தாண்டி இருபது அடி போயிற்று, அங்கே வேறு யாரோ கடிவாளத்தைப் பிடித்துத் திருப்பியதுபோல் குதிரை திரும்பியது, கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் இருபது அடி வந்தது, மறுபடி திரும்பியது. அன்று பொழுது சாயும் வரை அப்படியே. மறுநாளும் அப்படியே.

பென்னிங்கோட்காரர்கள் எதையும் வெறித்துப் பார்க்கிறவர்கள் அல்ல. முதலில் அவர்கள் கவலைப்பட்டது குதிரையைப் பற்றி. அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்ததால் ஒருவர் வைக்கோல் கட்டு கொண்டுவந்து போட்டார், இன்னொருவர் தண்ணீர்த் தொட்டி வைத்தார், மிருக வதைத் தடுப்புக்காரர்களுக்குத் தொலைபேசி போயிற்று. இரண்டாவது வாரம் பால் லாரி ஓட்டுநர் முறையிட, சாலையோரத்தில் வண்டி ஒதுங்க ஓர் இடம் வெட்டி, ‘மெதுவாகச் செல்லவும், முன்னால் வண்டி’ என்று பலகை நட்டார்கள். மூன்றாவது வாரம் ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த இளைஞன் அவள் நாடியைப் பார்த்துவிட்டு, முகவரி என்ன என்று கேட்டான். அவளுக்கு முகவரி இல்லை. அவன் கையிலிருந்த கருவியில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டான். ஆல்டர்ஹாம் ஊர்ச்சபை, வண்டி புறப்பட்டது பென்னிங்கோட்டிலிருந்து என்று கடிதம் எழுதியது. பென்னிங்கோட் ஊர்ச்சபை, அது போகிற திசை ஆல்டர்ஹாம் என்று பதில் எழுதியது. இரண்டு கடிதங்களும் மிகவும் மரியாதையாக இருந்தன.

அந்தப் பெண் கடந்து போகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “இங்கே இறங்கலாமா?”

கேட்கப்பட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள். “கேட்டுச் சொல்கிறேன்” என்றார்கள். யாரைக் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜூன் மாத முடிவில் பெரும்பாலானவர்கள் ஆல்டர்ஹாமுக்குப் போக நாலு மைல் சுற்றுகிற மேட்டுச் சாலையைப் பிடிக்கத் தொடங்கினார்கள், அங்கிருந்து பார்த்தால் வயல்கள் அழகாகத் தெரியும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், குறுக்குச் சாலையின் நடுவில் புல் முளைத்தது.

அந்த வண்டி எது, அந்தப் பெண் யார் என்று ஊரில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் ஊர்ச்சபைத் தலைவர் ரோஜர் டன்னிங். மற்றவர் அருளம்பலம், தபால் நிலையமும் பலசரக்குமாக இருந்த கடையின் சொந்தக்காரர், வரலாற்றுப் புத்தகத்தை எழுதியவர்.

அருளம்பலம் யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி கமலாசனியோடு அந்த ஊருக்கு வந்து இருபத்தெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. கடையை வாங்கிய முதல் வருடம் வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று மழையைப் பற்றிப் பேசிவிட்டு, பாண் ரொட்டியும் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆறாவது வருடம்தான் முதன்முதலாக ஒரு வீட்டுக்குள் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் குறையில்லை. அந்த ஊர் அப்படித்தான் என்று அவர் கண்டுகொண்டார்: சத்தம் போடாது, கேள்வி கேட்காது, சங்கடமான பேச்சு வந்தால் வானத்தைப் பார்க்கும். மற்றபடி அறுவடைக் காலத்தில் ஒருவன் டிராக்டர் பழுதானால் மூன்று டிராக்டர்கள் அவன் வயலில் நிற்கும். அவர்களுடைய மகள் பிறந்த வருடம், பனி இடுப்பளவு கொட்டிக் கிடந்த நாளில், செம்மறிப் பண்ணை வைத்திருந்த வின் ஹாப்கட், அப்போது முப்பது வயதுக்காரி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து, வலியில் துடித்த கமலாசனியை டிராக்டர் பெட்டியில் ஏற்றிப் பதினொரு மைல் ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அதற்கு நன்றி சொல்லப் போனபோது வின் வானத்தைப் பார்த்தாள்.

எல்லோருடைய பெயரும் பிறந்த நாளும் தெரிந்தவர், கையெழுத்து நன்றாக இருப்பவர் என்று சொல்லித்தான் ஊர் வரலாற்றை எழுதும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். இரண்டு குளிர்காலம் அவர் தேவாலயத்தின் இரும்புப் பெட்டியிலிருந்த பழைய ஏடுகளோடு உட்கார்ந்தார். மனிதர்களை விடச் செம்மறிகள் அதிகமாயிருந்த முதல் கணக்கெடுப்பு, பாதி ஊரை எடுத்துக்கொண்ட கொள்ளை நோய், எல்லோரும் மாடு மேய்த்த பொது நிலத்தை ஆறு பேர் வேலி போட்டுப் பிரித்துக்கொண்ட வருடம், உருகி விழுந்த மணி, மறுபடி வார்த்த மணி எல்லாவற்றையும் எழுதினார். அப்படி எழுதிக்கொண்டு வந்தபோதுதான் 1832 பெப்ரவரி மாத ஏட்டில் அந்தக் கட்டளையைக் கண்டார்.

‘பெயர் சொல்லாத நிறைமாதப் பெண் ஒருத்தி இவ்வூரில் காணப்பட்டாள். அவள் பிள்ளை இவ்வூரில் பிறந்து இவ்வூர்ப் பிள்ளையாகி இவ்வூருக்குப் பாரமாகாதபடி, இன்றே வண்டியில் ஏற்றி எல்லைக்கு அப்பால் விடும்படி கட்டளை. ஆல்டர்ஹாம்காரர் திருப்பி அனுப்பினால் மீண்டும் அனுப்புக.’

கீழே ஏழு பேர். முதல் கையெழுத்து டன்னிங். அடுத்து வந்தவை அவர் கடையில் வாராவாரம் முட்டையும் தபால் முத்திரையும் வாங்குகிறவர்களின் குடும்பப் பெயர்கள். ஏழாவது ஆளுக்கு எழுதத் தெரியாததால் ஒரு சிலுவைக் குறி, அதன் பக்கத்தில் வேறொருவர் கையால் ‘ஹாப்கட்’.

அருளம்பலம் அதை அப்படியே நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதினார். கையெழுத்துப் பிரதியை வாசித்த ரோஜர் டன்னிங் அவரைத் தன் வீட்டுச் சமையலறைக்குக் கூப்பிட்டு, தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

“அருமையான புத்தகம், அருள். நம் ஊரை நம்மை விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது” என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “ஒன்றே ஒன்றுதான். அந்த நாற்பத்தோராம் பக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வாசிப்பார்களே. அது…”

“அவசியமில்லை” என்றார் அருளம்பலம்.

ரோஜர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க விட்டிருந்தால், அந்த மனிதர் கேட்க வந்ததைக் கேட்டிருந்தால், யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருந்தால், பிறகு தன்னை மன்னிக்க ஒரு சின்ன இடம் இருந்திருக்கும் என்று அருளம்பலம் பல நாள் நினைத்துக்கொண்டார். ‘நம் ஊர்’ என்ற சொல்லை அவர் இருபத்தெட்டு வருடம் காத்திருந்து கேட்டார். அதைக் கொடுத்த ரோஜர் கேட்குமுன்பே, கேட்பதற்கும் அதிகமாகவே, திருப்பிக் கொடுக்க அவசரப்பட்டுவிட்டார். நாற்பத்தோராம் பக்கத்தில் மலர்க் கண்காட்சியில் பரிசு வென்ற பூசணிக்காயின் படம் வந்தது. அட்டையில் அவருடைய பெயர் முதன்முறையாக ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் அச்சாகியிருந்தது.

எனவே அந்தச் செவ்வாய்க்கிழமை வண்டி கடை வாசலைக் கடந்தபோது, அவர் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தி, அதைப் பார்த்து, உடனே தெரிந்துகொண்டார். தலையைக் குனிந்து மறுபடியும் சில்லறையை எடுத்தார்.

கமலாசனி அன்று பின்னேரமே எல்லைக் கல்லுக்குப் போனாள். திரும்பி வந்து, கோட்டைக் கழற்றாமலே கடைக்குள் வந்து நின்றாள்.

“இஞ்சருங்கோ, அந்த வண்டிக்காரனோட கதைச்சனான். என்ரை வீட்டில வந்து இறங்கட்டும் எண்டு சொன்னன். ஏலாதாம். ஏழு பேர் கையெழுத்து வைச்ச கட்டளையாம். அதை ஊர் கூடின இடத்தில வாசிச்சு, அந்த ஏழு வீட்டில ஒரு வீட்டாராவது வந்து, அது பிழையெண்டு சொன்னாத்தான் இறக்குவானாம். நீங்கள்தானே சரித்திரம் எழுதினனீங்கள். அப்பிடி ஏதும் கண்டனீங்களோ?”

“இல்லை.”

“வடிவா யோசிச்சுப் பாருங்கோ.”

“இல்லையெண்டுறன்” என்று அவர் முத்திரைப் பெட்டியை அடுக்கினார்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. மறுநாள் இஞ்சி தட்டிப் போட்ட கோப்பியை ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனாள். அதற்கு மறுநாளும் போனாள். வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து, அது அங்குமிங்கும் இருபது இருபது அடி போய்வர, அந்தப் பெண்ணின் இடுப்பை நீவிவிட்டாள். குளிருக்குத் தன் கம்பளிச் சட்டையைக் கொடுத்தாள். ஒரு நாள் அவள் பெயரைக் கேட்டாள். அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்து, “கெசியா” என்றாள்.

“பேர் சொல்ல மாட்டாள் எண்டு ஊரில சொல்லுகினமே” என்று கமலாசனி அன்றிரவு சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். “ஒருத்தரும் கேக்கேல்லையாம்.”

அருளம்பலம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ‘பெயர் சொல்லாத’ என்று அந்த ஏட்டில் அழகான சாய்வெழுத்தில் எழுதியிருந்தது அவர் கண்ணுக்குள் வந்து நின்றது.

அவரும் மேட்டுச் சாலையைத்தான் பிடித்தார். ஆல்டர்ஹாமில் மருந்து வாங்க வேண்டும், வங்கிக்குப் போக வேண்டும் என்றால் நாலு மைல் சுற்றினார். மேலேயிருந்து பார்த்தால் வயல்களுக்கு நடுவே அந்த வண்டி ஒரு தீக்குச்சிப் பெட்டி அளவில் தெரியும். அந்த இடத்தில் காரில் வருகிறவர்கள் எல்லோரும் வானொலியைத் திருகுவதை அவர் கவனித்தார். எதிரே வந்த ரோஜர் டன்னிங்கும் திருகினார். இருவரும் கையுயர்த்திக்கொண்டு, ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் கடந்தார்கள்.

ஆவணியில் கமலாசனிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் எழும்ப முடியவில்லை. முதல் நாள் காலையிலேயே போர்வைக்குள்ளிருந்து, “கோப்பியை நீங்கள் கொண்டு போய்க் குடுங்கோ. இல்லாட்டி அவள் பாத்துக்கொண்டு கிடப்பாள்” என்றாள். மறுக்க அவரிடம் எந்தக் காரணமும் இருக்கவில்லை.

குறுக்குச் சாலையில் புல் முழங்கால் வரை வளர்ந்திருந்தது. வண்டியை நெருங்க நெருங்கக் குளிர் ஏறியது. மூச்சு புகையாக வந்தது. கெசியாவுக்கு இருபது வயதுகூட இருக்காது என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஏட்டில் வயது இல்லை. அவர் வண்டியின் பின்பக்கம் ஏறி ஃபிளாஸ்கை நீட்டினார். அந்த நேரம் பார்த்து அவளுக்கு வலி எடுத்தது. அவள் ஃபிளாஸ்கை விட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வலி போகும் வரை பிடித்துக்கொண்டே இருந்தாள். நான்கு மாதமாக அது போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

வலி தணிந்ததும், “அக்கா வரவில்லையா?” என்று கேட்டாள். கமலாசனி தன்னை அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

“அவளுக்குச் சுகமில்லை. நான் அவள் கணவன்.”

“நீங்களும் இந்த ஊரா?”

இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் எத்தனையோ பேர் வேறு மாதிரிக் கேட்டிருக்கிறார்கள். உண்மையில் எந்த ஊர், அதற்கு முன் எந்த ஊர் என்று. இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

“ஆம்” என்றார் அருளம்பலம். “இந்த ஊர்தான்.”

அவள் தலையை அசைத்தாள். “அப்படியென்றால் நீங்களும் கையெழுத்துப் போட்டீர்களா?” என்று கேட்டாள். அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும், அதனால் கேட்டாள்.

வண்டி திரும்பியது. அவர் இறங்கி நின்றார். பதில் சொல்ல வாயெடுக்கும்போது அது இருபது அடி தள்ளிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்தவர் கட்டிலோரம் நின்றார், உட்காரவில்லை.

“கமலா, அந்தக் கட்டளை என்னட்டை இருக்கு.”

அவள் கண்ணைத் திறந்தாள். “எப்ப தொடக்கம்?”

“முதல்ல இருந்தே. புத்தகத்தில எழுதினனான். டன்னிங் வேண்டாமெண்டு சொல்ல வந்தான். அவன் சொல்லி முடிக்க முதலே நான் எடுத்துப்போட்டன்.”

வெளியே கடைமணி அடித்தது. யாரோ வந்து, யாருமில்லாததைக் கண்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

“நாலு மாசம்” என்றாள் கமலாசனி. “நான் கோப்பி கொண்டு போகேக்க ஒவ்வொரு நாளும் உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனனான். ‘கவனமாப் போட்டு வாரும்’ எண்டு சொல்லி அனுப்பினனீங்கள்.”

“ஓம்.”

“ஒரு நாளும் விடாமச் சொன்னனீங்கள்.”

அவர் நின்றுகொண்டே இருந்தார். “இவையள் எங்களுக்கு எவ்வளவு செய்திருக்கினம், கமலா. வின் அண்டைக்கு வராட்டி நீரும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவளின்ரை குடும்பப் பேரும் அதில கிடக்கு. அதை எப்பிடி நான்…”

“வின் வந்தது என்ரை வயித்தைப் பாத்து. இதை அவளிட்டைச் சொல்லியிருந்தா அண்டைக்கே வண்டியடிக்குப் போயிருப்பாள். நீங்கள் அவளைக்கூட நம்பேல்லை.” அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். “எனக்கு இப்ப உங்களோட கதைக்க ஏலாமக் கிடக்கு. ஃபிளாஸ்கைக் கழுவி வையுங்கோ.”

அவர் ஃபிளாஸ்கைக் கழுவினார்.

ஊர் கூடுகிற இடம் என்றால் புரட்டாதி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அறுவடை விருந்துதான். மத்தியானம் மண்டபத்தில் நீள மேசைகள் போட்டு, கோதுமைக் கதிர்களைக் கட்டித் தொங்கவிட்டு, ஊரிலுள்ள நூற்றுப்பத்துப் பேரும் உட்கார்ந்து ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவார்கள். அந்த வருடம் வரலாற்றுப் புத்தகத்துக்காக அருளம்பலத்துக்கு ஒரு வெள்ளித் தட்டுக் கொடுப்பதாக இருந்தது. அதுவரை இருந்த நான்கு வாரங்களும் கமலாசனி அவருடன் கடை வேலைக்கு வேண்டியதைத் தவிர எதுவும் பேசவில்லை. கோப்பியை அவர்தான் கொண்டு போனார். கெசியா அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அது அவருக்கு இன்னும் பாரமாக இருந்தது.

ரோஜர் டன்னிங் தட்டைக் கொடுத்து, கைதட்டல் ஓய்ந்து, எல்லோரும் அவர் வழக்கம்போல இரண்டு வார்த்தை நன்றி சொல்லி உட்காருவார் என்று முட்கரண்டியை எடுத்தபோது, அருளம்பலம் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

“புத்தகத்தில் ஒரு பக்கத்தை நான் எடுத்துவிட்டேன். அதை இப்போது வாசிக்க வேண்டும்” என்றார்.

“அருள்” என்றார் ரோஜர், மிகத் தணிந்த குரலில். “இதற்கு இதுவா நேரம்?”

“நேரம் மே மாதமே போய்விட்டது, ரோஜர்.”

அவர் வாசித்தார். ஏழு பெயர்களையும் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மேசையில் ஒரு தலை தாழ்ந்தது. பிறகு, தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னார்: “இதை எடுக்கும்படி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நீங்கள் என்னை உங்களில் ஒருவன் என்று நினைக்க வேண்டும் என்பதற்காக நானே எடுத்தேன். அவள் ஐந்து மாதமாக வலியோடு கிடக்கிறாள். இந்த ஏழு வீட்டில் யாராவது ஒருவர் போய், அது பிழை என்று வண்டிக்காரனிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.”

பென்னிங்கோட் மண்டபத்தில் உயரமான ஜன்னல்கள் இருந்தன. நிறையப் பேர் வானத்தைப் பார்த்தார்கள். ரோஜர் டன்னிங் தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டினார், பிறகு நான்காக, பிறகு எட்டாக. குழம்பு ஆறி மேலே ஆடை படர்ந்தது. வெள்ளித் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் அருளம்பலம் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசி மேசையில் வின் ஹாப்கட் எழுந்தாள். ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு முழங்கால் சரியில்லை. மேசையைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. வாயைத் துடைத்தாள். “சிலுவை போட்டவன்தானே எங்கள் ஆள்?” என்று கேட்டாள்.

“ஆம், வின்.”

“வாசிக்கத் தெரியாதவன். ஆனால் அவனுக்கு ஆடு குட்டி ஈனுவது என்னவென்று தெரிந்திருக்கும்” என்றாள். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கமலாசனி அவள் பின்னாலேயே போனாள். மண்டபத்தில் இருந்தவர்களில் ஒரு பன்னிரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் இனிப்பு வரும் வரை இருந்தார்கள்.

எல்லையில் வின் வண்டிக்காரனிடம் பேசியது நாலு வார்த்தை. “அது பிழை. அவள் இறங்கட்டும்.” பல்லில்லாத அந்தக் கிழவன் தொப்பியைக் கழற்றி, “அம்மா, நான் வண்டி ஓட்டுகிறவன் மட்டும்தான்” என்றான். “நானும் ஆடு வளர்க்கிறவள் மட்டும்தான்” என்று சொல்லிவிட்டு அவள் கெசியாவின் கையைப் பிடித்தாள். கெசியாவின் கால் சாலையில் பட்டதும் கம்பளியிலிருந்த உறைபனி உருகி, வெயிலில் ஆவியாகப் போயிற்று. வண்டி ஆல்டர்ஹாம் பக்கம் போனது. இந்த முறை திரும்பவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்கு வின்னின் சமையலறையில், நூற்றுக்கணக்கான குட்டிகளை இழுத்தெடுத்த கைகளில், ஒரு பெண் குழந்தை பிறந்தது. கமலாசனி சுடுதண்ணீர் வைத்தாள். அருளம்பலம் வெளியே கதவருகே நின்றார். உள்ளே கூப்பிட அவசியம் இருக்கவில்லை.

அதன் பிறகு ஊர் மிகவும் நன்றாக நடந்துகொண்டது. மறுநாளே கூடை கூடையாகக் குழந்தைத் துணி வந்தது. ரோஜர் டன்னிங் தங்கள் குடும்பத் தொட்டிலைத் தலையில் சுமந்து கொண்டுவந்து வின்னின் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போனார். ஊர்ச்சபை கூடி, தேவாலயத்துக்குப் பின்னால் காலியாயிருந்த சின்ன வீட்டுக்கு வெள்ளையடித்து, திரைச்சீலை மாட்டி, கெசியாவுக்குக் கொடுப்பதாகத் தீர்மானித்தது. எல்லோருக்கும் மனம் லேசாகத் தொடங்கியது. கடையில் மட்டும் ஒரு மாற்றம்: முன்பு ‘அருள்’ என்று கூப்பிட்டவர்கள் இப்போது ‘திரு அருளம்பலம்’ என்றார்கள், மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்கக்கூட நிற்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் அதை எதிர்பார்த்திருந்தார். கமலாசனி மறுபடியும் அவரோடு கதைக்கத் தொடங்கியிருந்தாள், ஆனால் வெளியே போகும்போது சொல்லிவிட்டுப் போகும் பழக்கத்தை விட்டுவிட்டாள்.

நாலாவது வாரம், திரைச்சீலை மாட்டி முடிந்த அன்று, கெசியா தான் போவதாகச் சொன்னாள்.

“எங்கே போவாய்? உனக்காக வீடு தயாராக இருக்கிறதே” என்று ரோஜர் டன்னிங் கேட்டார். உண்மையாகவே அவருக்கு அது விளங்கவில்லை.

“நல்ல வீடு, ஐயா” என்றாள் கெசியா. “இறங்க விட்டால் போதும் என்றுதான் கேட்டேன்.”

அதைக் கேட்டு ஊருக்கு வருத்தம் வந்தது. இவ்வளவு செய்தும் இப்படியா என்று இரண்டொருவர் சொன்னார்கள். சொன்ன கையோடு, இவ்வளவு என்பது எவ்வளவு என்று தங்களுக்குள்ளேயே பார்த்து, வாயை மூடிக்கொண்டார்கள்.

புறப்படுமுன் அவள் ஒன்றைக் கேட்டாள். தேவாலயப் பதிவேட்டில் தன் பிள்ளையைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும் என்றாள். ஏடுகளின் பொறுப்பு இன்னும் அருளம்பலத்திடம்தான் இருந்தது. அவர் அந்தக் கனமான ஏட்டைத் தேவாலய வாசலுக்குத் தூக்கி வந்து, இரு கையிலும் விரித்துப் பிடித்தார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது; அவர் எடுத்துவிட்ட பக்கத்தைப் பற்றி மட்டும் கேள்விப்பட்டிருந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கோடுகளைப் பார்த்தாள்.

“வாசியுங்கள்” என்றாள்.

“பெயர், ஆன். பெண் குழந்தை. தாய் கெசியா. பிறந்த ஊர், பென்னிங்கோட்.”

“இன்னொரு முறை.”

அவர் இன்னொரு முறை வாசித்தார், ஏட்டை முழங்கையில் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து.

அவள் அவர் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, அவர் மனம் நோகக் கூடாதே என்ற கவனத்தோடு, மிகவும் மென்மையாகச் சொன்னாள்: “தப்பாக நினைக்காதீர்கள், ஐயா. அக்காவும் ஒரு தடவை வாசித்துச் சொல்லட்டும்.”

கமலாசனி படியேறி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமல் வாசித்தாள். அதே சொற்கள்தான். கெசியா இப்போது தலையசைத்தாள்.

கெசியாவும் கமலாசனியும் குறுக்குச் சாலை வழியே நடந்தார்கள். ஊரார் தங்கள் தங்கள் கதவருகே நின்றார்கள். கையசைப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆல்டர்ஹாம் பஸ் வரை கூடப் போவதாகக் கமலாசனி சொல்லியிருந்தாள். அவரையும் வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. விரித்த ஏட்டை இரு கையிலும் தாங்கியபடி, அவர்கள் எல்லையைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு, அருளம்பலம் அந்த வாசலிலேயே நின்றார்.